பேர் இல்லாத நான்கு மாத்திரைகள்

என் வலது மணிக்கட்டு உடைந்த கதையில் வீரம் எதுவும் கிடையாது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருஷமாக பில் போடுகிறேன். நாற்பதடி இரும்புப் பெட்டிகள் தலைக்கு மேலே போய் வருகிற இடம் அது. அங்கே ஒரு கீறல்கூட வாங்காதவள், ராயபுரத்தில் என் வீட்டு வாசலில், பொதுக் குழாயடியில், யாரோ மீன் கழுவிவிட்டுப் போன தண்ணீரில் கால் வைத்து விழுந்தேன். கையில் இருந்த சங்கரா மீன் பத்திரமாக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய திசையில் இல்லை.

தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு டாக்டர் பெண் வந்தாள். சின்ன வயசு. மாத்திரை அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற பொறுமையோடு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சொன்னாள். இந்த ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று அபின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்து. இன்னொன்று காய்ச்சலுக்குப் போடுகிற பாரசிட்டமால். வலித்தால் ஒன்று, அடுத்ததற்கு எட்டு மணி நேரம் இடைவெளி, ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம். இதைப் போடுகிற நாட்களில் தனியாகக் காய்ச்சல் மாத்திரை போடக் கூடாது, அதிலும் இதே சரக்குதான் இருக்கிறது, ஈரல் தாங்காது. தூக்க மாத்திரையோடும் குடியோடும் சேரவே கூடாது, மூச்சு மந்தமாகிவிடும். தலை சுற்றும், வண்டி ஓட்டக் கூடாது. மலச்சிக்கல் வரும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பத்தாவது வரைக்கும் படித்து, இங்கிலீஷில் பில் போடுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு பெண் வந்து சொல்ல வேண்டுமா என்கிற முகத்தோடு ஆட்டினேன். என் வீட்டுக்காரர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். அவர் அந்த நேரத்தில் வண்டி நிறுத்தின டோக்கனைத் தேடிக்கொண்டிருந்தார். டோக்கன் கிடைத்த சந்தோஷத்தில் மருந்துச் சீட்டையும் அதோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அங்கிருந்து அது லாரிக்குள் போய், ஆர்.சி. புத்தகத்தோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது.

மாத்திரையைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. வலி போய்விட்டதா என்றால் போகவில்லை, பக்கத்து வீட்டுக்குக் குடி மாறியிருந்தது. சத்தம் கேட்டது, தொந்தரவு இல்லை. முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். தலை தனியாக மிதந்தது. நான் பேச்சைக் குறைத்துவிட்டதைப் பார்த்து என் வீட்டுக்காரர் அந்த டாக்டர் பெண்ணுக்கு மாலை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மலச்சிக்கல் விஷயத்தில் அந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. நான்கு நாள் நான் கக்கூஸில் இருந்த தவத்துக்கு எந்த மாதாவும் இறங்கி வரவில்லை. நான்காம் நாள் வலி தாங்குகிற அளவுக்கு வந்ததும், போதும் என்று நானே நிறுத்திவிட்டேன். பதினைந்தில் ஆறு மிச்சம். நிறுத்தியதில் எனக்கு எவ்வளவு பெருமை என்றால், லைனில் ஒன்பது வீட்டுக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

இதுவரைக்கும் நான் புத்திசாலி. இனிமேல்தான் என் லட்சணத்தைப் பார்க்கப்போகிறீர்கள்.

எங்கள் லைனுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யார் வீட்டில் எந்த மாத்திரை மிஞ்சினாலும் என் வீட்டு பிஸ்கட் டப்பாவுக்கு வந்துவிடும். யாருக்கு என்ன வந்தாலும் அந்த டப்பாவிலிருந்து போகும். அட்டையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று யாரோ ஒரு காலத்தில் ஆரம்பித்து வைத்தார்கள், பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது காலேஜ் படித்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இருந்தாலும் சளி என்றால் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். கம்பவுண்டரம்மா என்று கூப்பிடுவார்கள். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள், நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

டப்பாவில் முழு அட்டையை வைக்கக் கூடாது என்பது என் சட்டம். முழுசாக இருந்தால் ஒருத்தரே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் கத்தரிக்கோலால் இரண்டு இரண்டாக வெட்டி வைப்பேன். மருந்துக் கடைக்காரரே அப்படித்தானே வெட்டித் தருகிறார், எனக்கு மட்டும் என்ன குறைச்சல். வெட்டும்போது பேர் போய்விடும், தேதி போய்விடும். போனால் என்ன, என் மண்டையில் இருக்கிறதே. வெள்ளை வட்டம் வயிற்றுக்கு, மஞ்சள் மூட்டுக்கு, பாதி நீலம் சளிக்கு. மிஞ்சிய என்னுடைய ஆறு மாத்திரைகளையும் கட்டுப் போடாத இடது கையால் கோணல்மாணலாக வெட்டி மூன்று துண்டாக்கினேன். ஒரு துண்டில் ஓர் எழுத்து மிஞ்சியது, மற்ற இரண்டில் அதுவும் இல்லை. வெள்ளை, நீளம், பெரிய வலிக்கு. அவ்வளவுதான் பதிவு.

இப்போது எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவள் இல்லை, அதற்கு மேல். ஐம்பத்தெட்டு வயசு. புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி மணலி புதுநகரில் இருக்கிறாள். அக்கா விடியுமுன்னே காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட் தெருவில் உட்கார்ந்து ஒன்பது மணிக்குள் விற்று முடிப்பாள். வந்து குளித்து, சாப்பிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்துவாள். ஐந்து மணிக்குத்தான் திறப்பாள். புருஷன் போனதிலிருந்து மாத்திரை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. எனக்குக் கை உடைந்த நாளிலிருந்து என் தலையைப் பின்னி விட்டது, குழம்பு வைத்துக் கொடுத்தது, முள் எடுத்து மீனை ஊட்டிவிட்டது எல்லாம் அவள்தான். என் வீட்டுக்காரர் லாரியோடு துறைமுக கேட்டில் வரிசையில் நின்றால் இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். அக்கா இல்லை என்றால் நான் ஒற்றைக் கையோடு பட்டினிதான்.

அந்த அக்காவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து துடித்துக்கொண்டிருந்தவள், மறுநாள் மீன் விற்று முடித்த கையோடு பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தாள். வாயில் பஞ்சு, கையில் டாக்டர் எழுதிய சீட்டு. மருந்து வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"உன்னாண்ட இல்லாத மாத்திரையா?" என்றாள் பஞ்சோடு.

அந்த ஒரு வார்த்தை போதும், என் தலையில் கிரீடம் ஏறிவிட்டது. டப்பாவைத் திறந்தேன். வெள்ளை, நீளம், பெரிய வலிக்கு. எனக்கு எலும்பு உடைந்ததற்கே ஒன்று ஒன்றாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அக்கா மீன் கூடை தூக்குகிற உடம்பு, ஒன்று எந்த மூலைக்கு என்று நானே முடிவு செய்து இரண்டு போடச் சொன்னேன். ஆறு வருஷம் மருத்துவம் படித்த பெண் சொன்னதை நான் அரை நிமிஷத்தில் திருத்தினேன். வலி அடங்கவில்லை என்றால் சாயங்காலம் போட்டுக்கொள் என்று இன்னும் இரண்டும் கையில் கொடுத்தேன். நேற்றிலிருந்து வேறு என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்கவில்லை. டாக்டர்தான் அதெல்லாம் கேட்பார், கம்பவுண்டரம்மா கேட்க மாட்டாள்.

தூக்க மாத்திரையோடு சேரக் கூடாது என்பது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்ததை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன். பகல் பதினொரு மணிக்கு யார் தூக்க மாத்திரையைப் பற்றிப் பேசுவார்கள், ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் எதிர் வாசலில் உட்கார்ந்து, லீவு நாளெல்லாம் அவள் மத்தியானத்தில் கதவைச் சாத்துவதைப் பார்த்தவள் நான். ஊர் உலகத்துக்கு ராத்திரி எப்போது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு எப்போது என்று அந்த அரை நிமிஷத்தில் மறந்துவிட்டது.

மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தேன். கதவைத் தாழ் போடாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு குறட்டை. அதுவரைக்கும் அவள் குறட்டை விட்டுக் கேட்டதில்லை. பல் வலியோடு ராத்திரி முழுக்கத் துடித்தவள், தூங்கட்டும் பாவம் என்று நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. குழாயடியில் நின்றவர்களிடம் நம்ம மாத்திரை எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குறட்டைதான் மூச்சு திணறுகிற சத்தம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அதற்குக் கைதட்டாத குறை.

நாலரை மணிக்குத் திரும்பப் போனேன். அப்போது குறட்டை நின்று நின்று வந்தது. ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நான் நின்று எண்ணினேன். பத்து எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த மூச்சு வந்தது. உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. உலுக்கினேன், கன்னத்தில் அடித்தேன், பல் பிடுங்கின பக்கத்திலேயே அடித்தேன், முகம் சுளிக்கவில்லை. கண் இமையைத் தூக்கிப் பார்த்தால் கருமணி கடுகு அளவு சுருங்கியிருந்தது. பாயின் ஓரத்தில் நான் வெட்டிக் கொடுத்த துண்டுகள் கிடந்தன, நான்கு குழியும் காலி. பக்கத்திலேயே தூக்க மாத்திரை அட்டையும் கிடந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கம் சாலை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டின் ஏற்றுமதி இறக்குமதி மொத்தமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது, எப்போதாவது போகிறது, பெரும்பாலும் நிற்கிறது. லாரிக்குப் பின்னால் லாரி நிற்கிற அந்த வரிசையில் ஆம்புலன்ஸ் எங்கோ கத்திக்கொண்டிருந்தது. முனையில் நின்ற ஆட்டோக்காரர் இதற்கெல்லாம் காத்திருக்க முடியாது என்று அக்காவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தப்பான பக்கத்தில் வண்டியை விட்டார்.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். காதருகே சத்தமாகக் கூப்பிட்டால் ஒரு மூச்சு விட்டாள். கூப்பிடுவதை நிறுத்தினால் மூச்சும் நின்றது. அதனால் நான் வழி முழுக்கப் பேசினேன். மூச்சு விடுக்கா, மூச்சு விடுக்கா என்று ஆரம்பித்து, அது தீர்ந்ததும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். லைனில் எல்லாரும் என் வாயை ஒரு நாள் தைக்க வேண்டும் என்பார்கள். அந்த அரை மணி நேரம் அந்த வாய்தான் அவளுக்கு மூச்சு வாங்கிக் கொடுத்தது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கையில் போட்டு, முகத்தில் ரப்பர் மூடியை அழுத்தி பலூனைப் பிசைய ஆரம்பித்தார்கள். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்று கேட்டார்.

வலி மாத்திரை என்றேன்.

"பேர் என்னம்மா?"

"வெள்ளையா, நீளமா இருக்கும் சார்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். இந்த ஊரில் வெள்ளையாக நீளமாக எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. கையில் கொண்டு வந்திருந்த துண்டுகளை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். ஓர் எழுத்து இருந்தது, அதிலும் பாதி. சீட்டு எங்கே என்றார். தூக்க மாத்திரை அட்டை மட்டும் முழுசாக இருந்தது, அது அக்காவுடையது, அவள் எதையும் வெட்டுகிறவள் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எண்ணூர் சாலையில் வரிசையில் முன்னூறாவது ஆளோ நானூறாவது ஆளோ, என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சீட்டைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். எந்தச் சீட்டு என்றார். நான் சொன்ன பதிலை இங்கே அச்சில் போட முடியாது. முதலில் வந்தது ஆர்.சி. புத்தகத்தின் படம். அடுத்தது அவர் கட்டை விரலின் படம், மிகத் தெளிவாக இருந்தது. மூன்றாவதுதான் சீட்டு, தலைகீழாக. டாக்டர் என் போனைத் திருப்பிப் பிடித்துப் படித்தார். ஊசி ஒன்று சொன்னார். அது உள்ளே போய் இரண்டு நிமிஷம் இருக்கும், அக்கா ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"ஏண்டி இப்டி கத்திகினு கீற," என்றாள்.

அதற்குப் பிறகு டாக்டர் கணக்கு எடுத்தார். பதினொரு மணிக்கு நான் சொன்னபடி இரண்டு. ஒரு மணி நேரத்தில் வலி அடங்கவில்லை என்று சாயங்காலத்துக்குக் கொடுத்த இரண்டையும் போட்டிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு எப்போதும் போலத் தூக்க மாத்திரை. இதெல்லாம் போக, முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பல் வலிக்காகக் கடையில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை ஆறு. என் மாத்திரைக்குள்ளும் அதே மருந்துதான். அந்த டாக்டர் பெண் சொன்ன எல்லாக் கூடாதுகளையும், ஒன்று விடாமல், நானும் அக்காவும் சேர்ந்து ஒரே பகலில் செய்து முடித்திருந்தோம். ஊசியின் வேகம் மாத்திரையின் வேகத்துக்கு முன்னாலேயே அடங்கிவிடும், திரும்பவும் மூச்சு மந்தமாகலாம், அதனால் கண்காணிக்க வேண்டும் என்றார். ஈரலுக்கு ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். கடவுள் புண்ணியத்தில் ஈரல் தப்பித்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி அவுட்போஸ்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். மாத்திரை அதிகமாகிப் படுத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் எழுத வேண்டுமாம். மாத்திரை யார் கொடுத்தது என்று கேட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும் குடுக்கல சார். நானே எடுத்துப் போட்டுகினேன்."

அவர் எழுதினார். புருஷன் இருக்கிறாரா என்று கேட்டார், இல்லை என்றாள். பிள்ளைகள் கூட இருக்கிறார்களா என்றார், இல்லை என்றாள். தனியாகவா இருக்கிறீர்கள் என்று அவர் குரலைத் தணித்துக்கொண்டு, மனசில் ஏதாவது கஷ்டமா என்று கேட்டார். பல் வலி சார் என்றாள் அக்கா. அவர் நம்பவில்லை. நல்ல மனுஷன், அம்மா வாழ்க்கையில் எல்லாருக்கும் கஷ்டம் வரும் என்று ஐந்து நிமிஷம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நான் கொடுத்தேன் சார் என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது வீட்டு விஷயத்திலும் தலையிடுகிற என் வாய்க்கு அன்றைக்கு லீவு.

ஏன் அக்கா அப்படிச் சொன்னாய் என்று அவர் போன பிறகு கேட்டேன். கையில் கட்டோடு நீ போய் ஸ்டேஷனில் உட்கார வேண்டுமா என்று திருப்பிக் கேட்டாள். அப்படியெல்லாம் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். எனக்குப் பயம். யார்டு வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, லைனில் என் பேர் கெட்டுவிடுமோ என்று பயம்.

என் பேர் கெடவில்லை. அவள் பேர்தான் கெட்டது. போலீஸ்காரர் கேட்டது வார்டில் இருந்தவர்கள் காதில் விழுந்து, அவர்களைப் பார்க்க வந்தவர்கள் காதில் விழுந்து, அக்கா வீடு வந்து சேர்வதற்குள் என்னிடம் பல் வலிக்கு வாங்கிய மாத்திரையை அவளாகவே அள்ளிப் போட்டுக்கொண்டு சாகப் பார்த்தாள் என்பது காசிமேடு வரைக்கும் போய்விட்டது. எப்போதும் அவளிடம் விலைக்குச் சண்டை போடுகிறவர்கள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஏலத்தில் அவளுக்கு வழி விட்டார்கள். எங்கள் சர்ச்சின் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் எட்டுப் பேர் செபமாலையோடு வந்து, வாழ்க்கையின் மேல் அவளுக்கு ஆசை வர வேண்டும் என்று ஒரு மணி நேரம் ஜெபித்தார்கள். வீங்கிய தாடையோடு அவள் ஐம்பத்து மூன்று அருள்நிறை மரியே சொன்னாள். ஒரு பல் சொத்தையாக இருந்ததற்கு இவ்வளவு பிராயச்சித்தம் யாரும் செய்திருக்க மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் முட்டி போட்டிருந்தேன். எனக்கு இருக்கிற தைரியத்தைப் பாருங்கள்.

அக்கா வீடு வந்த அன்றே டப்பாவைக் காலி செய்தேன். மிச்ச மாத்திரைகளைச் சும்மா குப்பையில் போடாதே, யாராவது எடுப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, பழைய டீத்தூளோடு பிசைந்து, கவரில் கட்டிப் போட்டேன். மறுநாளே மூன்றாம் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அந்த அக்காவை அசத்திப் போட்டதே, அந்த மாத்திரை ஒன்று மிச்சம் இருக்குமா என்று கேட்டார். அவருக்கும் நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்காவின் மகள் மணலியிலிருந்து வந்தாள். இரண்டு பெரிய பை கொண்டு வந்திருந்தாள், காலியாக. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தாள். தனியாக இருந்தால் திரும்பவும் ஏதாவது செய்துகொள்வாள் என்று அவளுக்குப் பயம். அக்கா வர மாட்டேன் என்றாள். மணலியில் காசிமேடு இல்லை, மார்க்கெட் தெருவில் முப்பது வருஷமாக அவள் உட்கார்ந்த இடத்தில் நாளைக்கே வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். நான் சாகப் பார்க்கவில்லை என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். என்ன நடந்தது என்று அக்கா முழுசாகச் சொன்னால் மகள் நம்புவாள். அதைச் சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. என் வாசலிலிருந்து எல்லாம் கேட்டது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து எதிர்வீட்டுக்குள் போனேன்.

"உங்கம்மா சாகப் பாக்கலமா. நான்தான் மாத்திரை குடுத்தேன். எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு போடறத, ஒரே வாட்டியா ரெண்டு போடச் சொன்னேன். தூக்க மாத்திரை போடாதேன்னு சொல்லல. அது உங்கம்மா தப்பு இல்ல, என் தப்பு."

அக்கா என் மேல் எரிந்து விழுந்தாள், உன்னை யார் கேட்டது என்று. மகள் மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் உண்மையைச் சொன்னால் அவள் பையைக் கீழே வைத்துவிடுவாள், அக்கா இங்கேயே இருப்பாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் போனேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க பக்கத்துல இருக்கீங்கன்ற தைரியத்துலதான் சித்தி, அம்மாவ இங்க வுட்டு வெச்சிருந்தேன்," என்றாள்.

அவள் மிச்சப் புடவைகளையும் மடித்தாள். அக்கா தன் மகள் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அதன் பிறகு வர மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆட்டோ வந்தது. பைகளை ஏற்றினார்கள். லைன் முழுக்க வாசலில் நின்று, சாகப் பார்த்தவளை மகள் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் போய் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடந்ததை இனி ஒன்பது வீட்டுக்கும் நானே போய்ச் சொல்கிறேன் அக்கா என்றேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. தாடையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம் எங்கே போகும், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பல்லு புடுங்கின எடம் இன்னும் வலிச்சுகினேதாண்டி கீது. இன்னா போடட்டும்?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன். "டாக்டராண்ட கேளு."

பதினெட்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் சரியான வைத்தியம் அதுதான். அதைக் கேட்டுக்கொண்டவள் மணலிக்குப் போய்விட்டாள்.